ஒற்றை வாளி கறவை மெஷின்: நாலைந்து மாடு வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகுமா?

கறவைக்கு ஆள் கிடைக்காத ஊரில் கறவை மெஷின் விற்பது லேசு. உசிலம்பட்டி, செல்லம்பட்டி, அலங்காநல்லூர், மேலூர் என்று மதுரையைச் சுற்றி நாலு முதல் பத்து மாடு வரை வைத்திருப்பவர்கள் விசாரிப்பதெல்லாம் ஒரே மாதிரியான பண்டத்தைத்தான். இரண்டு சக்கரத் தள்ளுவண்டி, முக்கால் எச்.பி. மோட்டார், அதோடு காற்றை உறிஞ்சுகிற ஒரு வேக்குவம் பம்பு, இருபது இருபத்தைந்து லிட்டர் எவர்சில்வர் வாளி, நாலு காம்புக்கும் மாட்டுகிற ஒரு கிளஸ்டர். கம்பெனிக்குக் கம்பெனி பெயிண்டும் ஸ்டிக்கரும் மாறும். உள்ளே இருக்கும் சங்கதி ஏறக்குறைய ஒன்றே. விலை முப்பதாயிரத்தில் தொடங்கி ஐம்பதாயிரத்தைத் தாண்டியும் போகிறது. அதனால் எந்தக் கம்பெனி நல்லது என்று இங்கே சொல்லப்போவதில்லை. இந்த ரக மெஷினில் எதைப் பார்த்து வாங்குவது, வாங்கினால் எப்படி ஓட்டுவது, எங்கே காலை வாரும் என்பதுதான் பேச்சு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கறவையில் எப்போதும் நாலு ஜெர்சி அல்லது எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம் இருக்கும், கொட்டகையில் குழாய்த் தண்ணீர் உண்டு, ஒவ்வொரு கறவை முடிந்ததும் இருபது நிமிடம் கழுவ ஆள் உண்டு என்றால் வாங்கலாம். இந்த மூன்றில் கடைசி ஒன்று இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். கையால் கறக்கும்போது பாலில் விழுகிற மயிரும் சாணித் தூசியும் மூடிய வாளிக்குள் விழாது என்பது நிஜம். அதே சமயம், கழுவாத மெஷின் கழுவாத கையைவிட மோசம். கையில் அழுக்கிருந்தால் தெரியும். ரப்பர் குழாயின் உட்புறம் யார் கண்ணிலும் படாது.

நேரம் மிச்சமாகும் என்று சொல்லி விற்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழகிய கை ஒரு மாட்டைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கறந்துவிடும். ஐந்து மாட்டுக்கு ஒரு மணி நேரம். மெஷினில் மடி துடைப்பதிலிருந்து கழற்றுவது வரை மாட்டுக்கு ஏழெட்டு நிமிடம், ஐந்துக்கு நாற்பது. கழுவ இருபது. அதுவும் ஒரு மணி நேரம்தான். ஐந்து மாட்டில் மிச்சமாவது நேரமல்ல, விரல். கறவைக்காரர் வராத நாளில் வீட்டில் யாராவது ஒருவர் வேலையை முடித்துவிடலாம், மணிக்கட்டு வலியும் இல்லை. இரண்டு மாடு மட்டும் வைத்திருப்பவருக்கு மெஷினில் கையைவிட அதிக நேரம் ஆகும். எட்டுப் பத்து மாட்டுக்குப் போகும்போதுதான் நேரக் கணக்கும் சாதகமாகத் திரும்புகிறது.

வேக்குவமும் துடிப்பும்

ஷெல் என்கிற எவர்சில்வர் உறைக்குள் ரப்பர் லைனர். லைனருக்குள் காம்பு. லைனரின் உள்ளே எப்போதும் வேக்குவம் இருக்கும். லைனருக்கும் ஷெல்லுக்கும் நடுவே உள்ள இடத்தில் பல்சேட்டர் என்கிற துடிப்புக் கருவி ஒரு கணம் வேக்குவத்தையும் மறுகணம் காற்றையும் மாற்றி மாற்றி விடும். வேக்குவம் இருக்கும்போது லைனர் திறந்து பால் வரும். காற்று புகும்போது லைனர் காம்பின் மேல் அமுங்கி, நுனியில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளும். இந்த அமுக்கம் ஒழுங்காக இல்லாத மெஷின் காம்பைக் கறக்கவில்லை, உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

கலப்பின மாட்டுக்கு வேக்குவம் 40 முதல் 47 கிலோபாஸ்கல் போதும். கேஜில் பாதரச மில்லிமீட்டர் அச்சடித்திருந்தால் 300 முதல் 350. இன்ச் என்றால் 12 முதல் 14. டெமோ காட்டுகிறவர் ரெகுலேட்டரைத் திருகி 50 கிலோபாஸ்கலுக்கு மேலே ஏற்றினால் பால் சீறிக்கொண்டு வருவது போலத் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் சந்தோஷம். நாலு வாரம் அப்படி ஓடினால் காம்பு நுனி தடித்து, துவாரத்தைச் சுற்றி வெள்ளையாக வளையம் கட்டிச் சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்பில்தான் கிருமி உட்காரும். வேக்குவம் 36க்குக் கீழே இறங்கினால் வேறு வம்பு: கிளஸ்டர் வழுக்கும், காற்று உள்ளே போகும், அந்தக் காற்றோடு பால் துளி எதிர்த்திசையில் காம்பு நுனியில் போய் மோதும். ஒரு காம்பில் மடிநோய் இருந்தால் அடுத்த காம்புக்கு அது பரவுகிற வழிகளில் இதுவும் ஒன்று.

பம்பு போதுமா என்று கடையிலேயே சோதிக்கலாம். நாலு லைனரையும் அடைத்து வேக்குவம் நிலைக்கட்டும். பிறகு ஒன்றை மட்டும் திறந்து ஐந்து விநாடி காற்று உறிஞ்ச விட்டு மூடுங்கள். ஊசி கொஞ்சம் இறங்கி, மூடியதும் மூன்று நாலு விநாடியில் பழைய இடத்துக்கு ஏறிவிட வேண்டும். பாதிக்குச் சரிந்து மெல்ல மெல்ல ஏறுகிற பம்பு, நடுக்கறவையில் ஒரு காம்பு வழுக்கினால் நாலையும் கீழே போட்டுவிடும். மெஷினை அணைத்த பிறகு ஊசி பூஜ்யத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள். வராத கேஜ் மற்ற நேரத்திலும் பொய்தான் சொல்லும்.

பல்சேட்டர் நிமிடத்துக்கு 60 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பிலும் நூற்றில் அறுபது பங்கு கறப்பு, நாற்பது பங்கு ஓய்வு. கட்டைவிரலை லைனருக்குள் விட்டு மற்ற மூன்றையும் அடைத்துக்கொண்டு எண்ணலாம்; பதினைந்து விநாடியில் பதினைந்து அமுக்கம் வர வேண்டும், ஒவ்வொன்றும் விரலை முழுதாகப் பிடித்து விட வேண்டும். காற்றில் இயங்கும் பல்சேட்டர் மலிவு, ரிப்பேரும் எளிது. அதன் காற்றுத் துளையில் வைக்கோல் தூசி அடைத்தால் துடிப்பு மந்தமாகும், நம் ஊர்க் கொட்டகையில் அது கட்டாயம் அடைக்கும். மாதம் ஒருமுறை கழற்றி, வடிகட்டியைத் தட்டி, மெல்லிய தூரிகையால் துடைத்து மாட்டினால் போதும். எண்ணெய் போடக் கூடாது. எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகும். எலக்ட்ரானிக் பல்சேட்டர் துல்லியமாகத் துடிக்கும். ஆனால் போனால் போனதுதான், புதிது வரும்வரை மெஷின் மூலையில் நிற்கும்.

லைனர்

மெஷின் முழுவதிலும் மாட்டின் உடம்பைத் தொடுகிற ஒரே பாகம் இது. வாங்கும்போது யாரும் கேட்காத பாகமும் இதுதான். ரப்பர் லைனரின் ஆயுள் 2,500 கறவை. ஐந்து மாடு, இரண்டு வேளை என்றால் நாளுக்குப் பத்து. இருநூற்றைம்பது நாளில் எண்ணிக்கை முடிந்துவிடும். எண்ணிக்கை முடியாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது, ஏனென்றால் பால் கொழுப்பும் சோடாவும் நம் ஊர்ச் சித்திரை வெயிலும் சேர்ந்து ரப்பரை எண்ணிக்கைக்கு முன்பே தின்றுவிடும். சிலிக்கான் லைனர் இரண்டு மடங்குக்கு மேல் வரும்; விலையும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கும், கூரான எதிலாவது பட்டால் கிழியும்.

பழசானதை எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே விரலை விட்டுத் தடவினால் வழுவழுப்புப் போய் மணல் தாள் போல இருக்கும். விரலால் அமுக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய வெடிப்பு தெரியும். வாய்ப்பகுதி தளர்ந்து நீள்வட்டமாகியிருக்கும். இப்படிப்பட்ட லைனரை எந்தக் கெமிக்கல் போட்டுக் கழுவினாலும் வெடிப்புக்குள் இருக்கும் கொழுப்பு வராது. நாற்பதாயிரம் கொடுத்து மெஷின் வாங்கியவர் லைனர் செட்டை இரண்டு வருடம் மாற்றாமல் ஓட்டுவது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கஞ்சத்தனம் பார்க்கிற கதை.

இன்னொன்று அளவு. ஜெர்சி கலப்பினத்துக்குக் காம்பு சின்னது. பெரிய வாய் வைத்த லைனரை மாட்டினால் அது மடிவரை ஏறி, காம்பின் அடியை நெரித்து, பால் வரும் வழியையே அடைக்கும். கழற்றியதும் காம்பின் அடியில் வளையமாகத் தடம் தெரிந்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். மாட்டும்போது லைனரின் மேலும் கீழும் உள்ள கோடுகள் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முறுக்கிக்கொண்ட லைனர் முழுதாக அமுங்காது. துடிப்பு காதில் கேட்கும், காம்புக்கு ஓய்வு கிடைக்காது. நாலில் ஒன்று மட்டும் முறுக்கியிருந்தால் அந்த ஒரு காம்பில் மட்டும் திரும்பத் திரும்ப மடிநோய் வரும், மாட்டின் மேல் பழி விழும்.

கரண்டு

எண்ணெய் பம்பு, எண்ணெய் வேண்டாத பம்பு என்று இரண்டு வகை. எண்ணெய் பம்பு நிதானமாக உழைக்கும், ஓடும்போது சூடு குறைவு, தினமும் எண்ணெய்ப் பாட்டிலைப் பார்க்க வேண்டும். எண்ணெய் தீர்ந்து ஒரு வேளை ஓடினாலே உள்ளே உள்ள தகடுகள் உராய்ந்து வேக்குவம் இறங்கும். எண்ணெய் வேண்டாத பம்பில் கார்பன் தகடு தேயும், சத்தமும் அதிகம். நாளுக்கு இரண்டு வேளை முக்கால் மணி நேரம் ஓடுகிற இடத்துக்கு எண்ணெய் பம்பே மேல். இரண்டிலும் வாளிக்கும் பம்புக்கும் நடுவே ஒரு வேக்குவம் டேங்க் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத மலிவு மாடல்களில் வாளி நிரம்பினால் பால் நேராகப் பம்புக்குள் போய்விடும்.

மின்செலவு பயப்படும்படி இல்லை. ஐந்து மாட்டுக்கு இரண்டு வேளையும் சேர்த்து ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் வரும். லோ வோல்டேஜ்தான் தொல்லை. கிராமத்து லைனின் கடைசிக் கம்பத்தில் மோட்டார் வேகம் குறைந்தால் வேக்குவமும் குறையும், வெறுமனே காதால் கேட்டால் தெரியாது, கேஜைப் பார்த்தால்தான் தெரியும். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஓடும்போது முக்கால் எச்.பி. சின்னதுதான், கிளம்பும்போது மூன்று நாலு மடங்கு இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் டிரிப் ஆகும். நடுவில் கரண்டு போனால் வேக்குவம் வால்வை மூடிக் கிளஸ்டரைக் கையில் தாங்கி எடுத்துவிட்டு, மீதியைக் கையால் கறக்க வேண்டியதுதான். ஆகவே மெஷின் வந்துவிட்டது என்று வீட்டில் கை கறவையை மறந்துவிடக் கூடாது.

எர்த்து ஒழுங்காகப் போடாத கொட்டகையில் மெஷின் போட்டதும் மாடு உதைக்க ஆரம்பித்தால், மாட்டைக் கட்டுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈரத் தரையில் நாலு காலும் வைத்து நிற்கிற மாட்டுக்கு ஓரிரு வோல்ட் கசிவே உறைக்கும். செருப்புப் போட்ட மனிதனுக்கு அது தெரியாது. கரண்டு கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றை அந்த லைனில் போடுவது மாட்டுக்கும் நல்லது, கறப்பவர் உயிருக்கும் நல்லது.

மாட்டில் போடும் முறை

மெஷின் நன்றாக இருந்தும் பால் குறைகிறது என்றால் தப்பு பெரும்பாலும் இந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கும். மடியைத் தொட்டுத் துடைத்துக் காம்பை உருவியதும் மூளையிலிருந்து பாலை இறங்க வைக்கும் ஆக்சிடோசின் ஹார்மோன் சுரந்து, ரத்தத்தில் வந்து, மடியைப் பிழிய ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் ஆகிறது. அதன் வேகம் ஐந்து முதல் எட்டு நிமிடத்தில் அடங்கிவிடும். சுரப்பு விடுவதற்கு முன் கிளஸ்டரை மாட்டினால் வெறும் காம்பை இழுக்கும்; ரொம்பத் தாமதித்தால் சுரப்பு முடிந்தபின் இழுக்கும்.

வேலை இந்த வரிசையில் போகட்டும். காம்புகளைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். மடி முழுவதையும் வாளித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டக் கூடாது, அந்தத் தண்ணீர் சாணியோடு வடிந்து லைனருக்குள் இறங்கும். முதல் மூன்று நாலு பீச்சைக் கறுப்புத் தட்டு வைத்த கிண்ணத்தில் பீச்சிப் பாருங்கள். திரியும் தண்ணீரும் கறுப்பில் பளிச்சென்று தெரியும். தரையில் பீச்சுகிற பழக்கம் அந்தக் கிருமியை அடுத்த மாட்டின் மடிக்கு விருந்து வைப்பது. பிறகு காம்பைக் கிருமிநாசினியில் முக்கி அரை நிமிடம் விட்டு, ஒரு மாட்டுக்கு ஒரு துணி என்று உலரத் துடைக்க வேண்டும். ஈரக் காம்பில் லைனர் நிற்காது. தொட்டதிலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் கிளஸ்டர் ஏறிவிட வேண்டும். மாட்டும்போது ஒவ்வொரு குழாயையும் மடித்துப் பிடித்து ஏற்றினால் காற்று போகாது. 'சர்ர்' என்ற சத்தம் கேட்டால் காற்று போகிறது.

வேளைக்கு ஐந்தாறு லிட்டர் தரும் மாடு நாலு முதல் ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். நாலு லைனரின் பாலும் வந்து சேரும் கிளாவின் கண்ணாடிக் கிண்ணத்தில் ஓட்டம் நூலாக மெலிந்ததும் முதலில் வேக்குவம் வால்வை மூடி, இரண்டு விநாடி பொறுத்து, கிளஸ்டர் தானாகக் கழன்று கையில் விழ விடுங்கள். வேக்குவம் இருக்கும்போதே பிடுங்குவது காம்பு நுனிக்குச் செய்யும் கொடுமை. கழற்றியதும் காம்பு மெத்தென்று, தன் நிறத்தில் இருக்க வேண்டும். நீலம் பாரித்தோ, நுனி தட்டையாகவோ, விறைத்தோ இருந்தால் வேக்குவம், துடிப்பு, நேரம் மூன்றையும் சந்தேகப்படுங்கள். கடைசியாக அரை சதவீத அயோடின் கரைசலில் காம்பு முழுவதும் முக்கி எடுக்க வேண்டும். காம்புத் துவாரம் மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆவதால், அதுவரை மாடு படுக்காதபடி அந்த நேரத்தில் பசுந்தீவனம் போடுவது எளிய வழி.

கறவை வரிசையும் முக்கியம். தலையீத்து மாடுகள் முதலில், பிறகு ஆரோக்கியமானவை, மடிநோய் வந்து தேறியவை கடைசியில். ஊசி போட்டுக்கொண்டிருக்கும் மாட்டில் மெஷினைப் போடவே வேண்டாம், தனி வாளியில் கையால் கறந்து கொட்டிவிட வேண்டும்.

கன்றை ஊட்டவிட்டுக் கறந்து பழகிய மாடு முதல் வாரம் முரண்டு பிடிக்கும். மெஷினை மாட்டாமல், கை கறவை நேரத்தில் மோட்டாரை மட்டும் பக்கத்தில் ஓட விட்டால் சத்தம் பழகிவிடும். பயந்த மாட்டுக்கு அட்ரினலின் ஏறும், சுரப்பு நின்றுவிடும். அடித்துக் கட்டிப்போட்டுக் கறக்கிற மாட்டில் எந்த மெஷினும் எடுபடாது. புலிக்குளம் மாதிரி நாட்டு மாட்டுக்கு இந்த மெஷின் தோதுப்படாது. கன்று வாய் வைக்காமல் சுரப்பு விடாது, விடுகிற பாலும் கன்றுக்குத்தான் சரியாக இருக்கும். சுரப்புக்காக ஆக்சிடோசின் ஊசியைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. மாட்டின் உடல்நலம் கெடும்படி பால் சுரக்க ஊசி போடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் குற்றம்.

ஃபேட் குறைகிறதா?

மெஷின் போட்டதிலிருந்து பால் சொசைட்டியில் ஃபேட், அதாவது கொழுப்பு அளவு, இறங்கிவிட்டது என்ற புகார் எல்லா ஊரிலும் கேட்கும். புகாரில் பாதி நியாயம் இருக்கிறது. முதல் பீச்சில் கொழுப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்கும். ஒட்டக் கறக்கும் கடைசிப் பாலில் ஏழெட்டுக்கு மேல் போகும். சுரப்பு சரியாக விடாமல் மாட்டிப் பாதியில் கழற்றினால் மடியில் தங்குவது கொழுப்பான பங்கு. ஆகவே ஃபேட் விழுந்தால் மெஷினைத் திட்டுவதற்கு முன் மடி துடைத்து மாட்டுவதற்கு இடையேயான நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஒழுங்காகக் கறந்தாலும் கால் லிட்டர் வரை மடியில் நிற்கும், அது இயல்பு. அதையும் உருவி எடுக்க கிளா மேல் கல்லை வைத்து அழுத்துவதும், ஓட்டம் நின்றபின் இரண்டு நிமிடம் விடுவதும் காம்பு நுனியைக் காவு கொடுப்பது.

எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கலான திடப்பொருள், இறங்கினால் காரணம் வேறு. கழுவிய தண்ணீர் குழாய்களின் தொய்வில் தங்கி முதல் மாட்டின் பாலோடு சேர்ந்துவிடுகிறது. பத்து லிட்டரில் 200 மில்லி தண்ணீர் சேர்ந்தாலே 8.3 இருந்த எஸ்.என்.எஃப். 8.1க்கு வந்துவிடும். பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே ஃபேட் 3.2, எஸ்.என்.எஃப். 8.3 என்பதால், தண்ணீர் கலக்காதவர் தண்ணீர் கலந்தவராகத் தெரிவார். கழுவியபின் குழாயைச் சுருட்டி வைக்காமல் சரிவாகத் தொங்கவிட்டால் இது தீரும்.

கழுவுதல்

இதைத்தான் வாங்கும்போது கணக்கில் சேர்க்க மறக்கிறார்கள். காலைக் கறவை ஏழு மணிக்கு முடிந்தால் மாலைக் கறவை மூன்று மணிக்கு. நடுவில் எட்டு மணி நேரம், கோடையில் கொட்டகை 38 டிகிரி. அந்தச் சூட்டில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தாலே ஒரு கிருமி எட்டு மணி நேரத்தில் அறுபத்தையாயிரம் ஆகிவிடும். குழாயில் ஒட்டியிருக்கும் ஒரு துளிப் பாலில் இருப்பதோ ஒரு கிருமி அல்ல.

கடைசி மாடு முடிந்த கையோடு, பால் காயுமுன், வெதுவெதுப்பான தண்ணீரை, அதாவது 40 டிகிரி அளவில், கிளஸ்டர் வழியாகப் பத்து லிட்டர் உறிஞ்ச விடுங்கள். கொதிக்கும் தண்ணீரை எடுத்தவுடன் விட்டால் பால் புரதம் வெந்து குழாயில் அப்பிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் கொழுப்பை உறைய வைக்கும். அடுத்தது காரம். டெய்ரிக்கென்று விற்கும் பவுடரை அதன் மேல் எழுதிய அளவில் கரைக்கலாம். அது கிடைக்காத இடத்தில் பத்து லிட்டருக்கு 50 கிராம் வாஷிங் சோடா. தண்ணீர் 60 முதல் 70 டிகிரியில் தொடங்கி, முடியும்போது 45க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். கிளஸ்டரைத் தண்ணீருக்குள்ளும் வெளியிலும் மாற்றி மாற்றி எடுங்கள். காற்றும் தண்ணீரும் கலந்து அடிக்கும்போதுதான் குழாயின் உட்புறம் தேய்க்கப்படுகிறது. பிறகு சுத்தமான தண்ணீர். வாளி, மூடி, மூடியின் ரப்பர் வளையம், கிளாவின் உள் மூலை எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தேங்காய் நாரும் சாம்பலும் சமையல் பாத்திரத்துக்கு நல்லவை. பால் வாளியில் அவை போடுகிற கீறலில் கிருமி குடியேறும்.

திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடத்தில் கடுமையானது, வீட்டுக் குழாயில் உப்புக் கட்டுவதைப் பார்த்தாலே தெரியும். அதே உப்பு பாலின் சுண்ணத்தோடு சேர்ந்து லைனரிலும் கிளாவிலும் பால் கல்லாகப் படியும். காய்ந்தபின் உட்புறம் மங்கலான வெள்ளையோ மஞ்சளோ படலம் தெரிந்தால் அதுதான். சோடாவுக்கு அது அசையாது. அமிலக் கழுவல் வாரம் ஒருமுறை, கடும் தண்ணீர் என்றால் இரண்டு முறை தேவை. அடுத்த கறவைக்குச் சற்று முன் குளோரின் கரைசல்: ஐந்து சதவீத ஹைப்போகுளோரைட் லிட்டருக்கு 4 மில்லி, அதாவது 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு). ஓடவிட்டு, வடித்துவிட்டு, கறவையைத் தொடங்கலாம். அமிலமும் குளோரினும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. வருவது விஷ வாயு, மூடிய கொட்டகையில் ஆளைக் கொல்லும்.

பால் வாளியில் நிறைந்த பிறகு மெஷினுக்கு வேலை இல்லை. வெளுத்த நைலான் வலையிலோ துவைத்துக் காய்ந்த துணியிலோ வடிகட்டி, உடனே சொசைட்டிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். கறந்த பால் 37, 38 டிகிரி. இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்கு வந்தால்தான் கிருமி அடங்கும். குளிரூட்டும் தொட்டி உள்ள சொசைட்டி பக்கத்தில் இருந்தால் உங்கள் மெஷினுக்கு இருந்த மதிப்பு இரண்டு மடங்கு. சாத்தமங்கலத்து ஆவினுக்குப் போகிற பாலானாலும் ஜிகர்தண்டாக் கடைக்குப் போகிற பாலானாலும், பாலில் கிருமி எவ்வளவு என்று காட்டுகிற மெத்திலீன் நீலச் சோதனையில் நிறம் அரை மணிக்குள் வெளுத்தால் மட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் நின்றால் முதல் தரம். உங்கள் கழுவலுக்கான மார்க் அது.

மெஷின் தொடாத கேடுகளும் உண்டு. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைப் போட்டால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண விஷம் பாலில் வரும். அனுமதி கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான், காய்ச்சினாலும் போகாது. ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை மருந்துச் சீட்டில் எழுதிய நாள் முடியும்வரை சேர்க்கக் கூடாது. மடிநோயைச் சந்தேகித்தால் நூறு மில்லி தண்ணீரில் 3 கிராம் சலவைத் தூள் கரைத்து, அதே அளவு பாலோடு சுற்றிப் பாருங்கள்; கொழகொழவென்று திரிந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். தொடக்க நிலையில் 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள் தூள், 15 கிராம் சுண்ணாம்பு அரைத்து, தண்ணீரில் கரைத்து, நாளுக்குப் பத்து முறை ஐந்து நாள் மடியில் பூசுகிற முறையைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பரப்பியிருக்கிறது. பூசியதை மறுபடி கறவைக்கு முன் கழுவித் துடைக்க வேண்டும்.

எதை வாங்குவது

இரண்டு கிளஸ்டர் வைத்த மாடலை ஒரே ஆள் ஓட்டும் வீட்டுக்கு வாங்காதீர்கள். ஒன்றைப் பார்க்கும்போது மற்றது வெறும் காம்பை இழுத்துக்கொண்டிருக்கும். வாளி 304 தர எவர்சில்வராக இருக்கட்டும். பிளாஸ்டிக் வாளி மலிவு, ஒரு வருடத்தில் கீறலும் வாடையும் பிடிக்கும். கிளா தெள்ளத் தெளிவாக, உள்ளே ஓடுவது தெரிய வேண்டும். வாரன்டி மோட்டாருக்கு மட்டுமா, பம்புக்கும் உண்டா என்று கேளுங்கள்; பல கடைகளில் வாரன்டி பேச்சு மோட்டாரோடு நின்றுவிடும். கறவைமாடு வளர்ப்பில் கைப்பழக்கம் வேண்டுபவர்கள் திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் விசாரித்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

கடைக்காரரிடம் கடைசியாகக் கேட்க வேண்டியது: லைனர் செட் உங்களிடம் இப்போது இருப்பில் இருக்கிறதா, மதுரையிலேயே வேறு யாரிடமாவது கிடைக்குமா? கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றால் அந்த மாடலை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். இருக்கிறது என்றால் மெஷினோடு ஒரு செட் கூடுதலாக வாங்கி, அதன் மாடல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லி, லைனர் மாற்றிய தேதியைக் கொட்டகைச் சுவரில் கரியால் குறித்து வையுங்கள்.